முழுத்தலை

தெப்பக்குடியில் சட்டைக்குப் பித்தான் தைப்பவர் வேறு, பித்தான் நுழையும் ஓட்டைக்குக் காஜா எடுப்பவர் வேறு. ஒரு சமயம் இந்த இருவருக்கும் மனத்தாங்கல் வந்து பதினோரு நாள் பேச்சில்லாமல் போனது. ஊரில் பாதிப் பேர் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு நியாயம் கேட்கப் போனார்கள். மீதிப் பேர், சமாதானம் பேசி வைப்பதற்கென்று ஊரில் இருந்த ஒரே ஆளைத் தேடிப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் சமாதானமாகி, அடுத்த மாதமே அந்த இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பந்தல் போட ஒருவர், பந்தலுக்குக் கயிறு முறுக்க ஒருவர், முறுக்கிய கயிற்றில் முடிச்சுப் போட ஒருவர் என்று கல்யாண வேலைக்கே எழுபது பேர் வந்ததால், விருந்தாளி என்று தனியாக யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரை அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

கடல் ஏறி வந்து கரையோரத்து ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்ட பிறகு, தூத்துக்குடிக்குக் கிழக்கே நடுக்கடலில், மிதவைகளின் மேல் நூற்று நாற்பது வீடுகளைக் கட்டி, ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து, எட்டு நங்கூரத்தில் நிறுத்தியதுதான் தெப்பக்குடி. அதாவது, இரண்டாவது தெப்பக்குடி. முதலாவது மூழ்கிவிட்டது.

முதலாவது ஊரில் எல்லோருக்கும் எல்லா வேலையும் தெரியும். அதற்கு ஒரு தொப்பி இருந்தது. கம்பிகள் ஓடும் அந்தத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூன்று மதியம் தூங்கினால், கொல்லுவேலையோ கொத்துவேலையோ ஏதாவதொன்று தலைக்குள் இறங்கிவிடும். கரையிலிருந்து யாரும் உதவிக்கு வரப்போவதில்லை என்பதால், ஊர் நடத்தத் தேவையான இருநூற்றுச் சொச்சம் வேலைகளையும் ஒவ்வொரு தலையிலும் இறக்கினார்கள். முதல் வருடம் யாரும் யாரிடமும் உதவி கேட்கவில்லை; பெருமையாக இருந்தது. இரண்டாம் வருடம் வாசல்களுக்குக் கதவு வந்தது. மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்தது. ஐந்தாம் வருடம் ஊர் மூழ்கத் தொடங்கியபோது, ஊர் மூழ்குகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அவரவர் வீட்டுக்குள் வந்த தண்ணீரை அவரவர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மீட்புப் படகு வந்தபோதுகூட, எங்களுக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லிப் பாதிப் பேர் ஏற மறுத்தார்களாம்.

ஆகவே, கரையிலிருந்து புதிதாக வந்தவர்கள் குடியேறிய இரண்டாவது ஊரில் ஒரு தலைக்கு ஒரு வேலை என்று சட்டம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. காலையில் பல் விளக்கிக் காப்பி குடிப்பதற்குள் நான்கு கதவைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டிய இடத்தில் சண்டை வந்தது, சிரிப்பு வந்தது, சம்பந்தம் வந்தது. இதைக் காப்பாற்ற இன்னொரு வழக்கமும் வைத்தார்கள். வீட்டுக்கு ஒருவர் வேலை செய்ய வந்தால், வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கையைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்த்தால் வேலை கண் வழியாக ஏறிவிடும். பார்த்துப் பிடிபட்டவருக்கு ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடி. ஒன்பது வருடத்தில் ஒருவரும் பிடிபடவில்லை.

ஒன்பது வருடத்தில் ஒருவரும் சாகவும் இல்லை. வெல்லப்பாகு காய்ச்சத் தெரிந்த ஒரே பெரியவர் ஒரு தடவை சாகப் பார்த்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் அது, ஊர் விடவில்லை.

என்றாலும் ஒருநாள் யாராவது செத்துத்தானே ஆக வேண்டும். அன்றைக்கு அந்த வேலையை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி ஊர் தொடங்கும்போதே வந்தது. வேலைகளைப் பதிந்து வைத்திருந்த தகடுகளை உப்புக்காற்று அரிக்க ஆரம்பித்திருந்தது. உப்புக்காற்றில் கெடாத ஒரே பாத்திரம் மனுஷத் தலைதான் என்று முடிவுசெய்து, தகடுகள் முற்றாகப் போவதற்குள் இருநூற்றுப் பதினோரு வேலைகளையும் ஒரே ஒரு தலைக்குள் ஏற்றி வைப்பது என்று தீர்மானித்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் திருவாழியின் பெயர் வந்தது.

திருவாழி கரையில் இருந்தபோது பஸ் கண்டக்டர். ஒரு நாளைக்கு எண்ணூறு பேருடைய முதுகையும் தோளையும் உரசிக்கொண்டு வாழ்ந்தவர். படிக்கட்டில் தொங்குகிறவனை வைதுகொண்டே அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்திருப்பவரை ஏவுகிற ரகம். அவரை ஒன்றே முக்கால் வருடம் தொப்பிக்குள் தூங்கவைத்து எழுப்பியபோது, அவருக்கு ஊரில் உள்ள எல்லாமே தெரிந்திருந்தது. தும்மினால் மட்டும் இரண்டு மூன்று வேலைகள் ஒன்றாகக் கலங்கி, சற்று நேரம் சட்டினி அரைக்கிற பதத்தில் சிமெண்டு குழைக்கத் தோன்றும். மற்றபடி குறையில்லை. ஊர் அவருக்கு முழுத்தலை என்று பெயர் வைத்தது. வயது ஐம்பதைத் தாண்டியவர் என்பதால் முழுத்தலை அண்ணாச்சி.

அவருக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒரு வேலையின் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்வரை அந்த வேலையை அவர் ஊருக்குள் செய்யக் கூடாது; செய்தால் எல்லோரும் அவரிடமே வருவார்கள், ஊர் கெட்டுப்போகும். இரண்டாவது, தன் வீட்டு வேலை அத்தனையையும் அவரேதான் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை துருப்பிடித்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவர் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை, அவர் வீட்டுக்கும் யாரும் வர வேண்டியதில்லை என்று ஆகிறது. தீர்மானம் எழுதியவர்கள் இப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கிற வேலை யாருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டார். பின்மண்டைக்கு இரண்டு கண்ணாடி. வெட்டி முடித்ததும் முடிதிருத்துகிறவர்கள் செய்கிற மாதிரி கழுத்தைத் துண்டால் தட்டிவிட்டு, "போதுமா?" என்று கேட்பார். போதும் என்று சொல்லவும் அவர்தான் இருந்தார்.

சும்மாவாவது நாலு வீட்டுக்குப் போய் வரலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். மாற்று ஆள் வாசலில் வந்து நின்றால், தன் சாவு நெருங்கிவிட்டதென்று வீட்டுக்காரர் நினைப்பார். குடிதண்ணீரில் உப்பு எடுக்கத் தெரிந்த ஆவுடைக்கு ஒருமுறை காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் பார்க்கப் போனார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவள் இவரைக் கண்டதும் எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு, வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் ரொம்பக் கஷ்டம். அந்த நாட்களில் நீரோட்டம் மாறும். வீடுகளைப் பிணைக்கும் சங்கிலிகளைச் சற்றே தளர்த்தியோ இறுக்கியோ வைக்காவிட்டால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதற்கென்று இருந்தவர் மச்சாது. அறுபது வயது, முன்பல்லில் ஒன்று தங்கம், நாலு வீடு தள்ளிப் பேசினால்கூட காதில் விழுகிற குரல். சின்னப் படகை வலித்துக்கொண்டு வீடு வீடாக வந்து, வாசல் மேடையில் உட்கார்ந்து, சங்கிலியில் கை வைத்தபடி அந்த வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு, முந்தின வீட்டுச் சங்கதியை இந்த வீட்டில் விட்டுவிட்டு, இந்த வீட்டுச் சங்கதியை எடுத்துக்கொண்டு போவார். திருவாழியின் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவார். போகிறபோது துடுப்பைத் தூக்கி ஒரு வணக்கம் வைப்பார். திருவாழி தன் சங்கிலியைத் தானே இறுக்கிவிட்டு நிமிர்வதற்குள் படகு அடுத்த வீட்டில் நின்று, அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஒருமுறை யாராவது தன் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆசை முற்றிய ஒரு புதன்கிழமை, சுலைகாவைத் தேடிப் போனார்.

சுலைகா காயல்பட்டினத்துக்காரி; அண்ணாச்சியைத் தன் ஊர் வழக்கப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவாள். தொப்பியை இயக்குவது அவள் வேலை. அவளைப் பார்த்ததும் திருவாழிக்குத் தன் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"யாருக்கு முடியல?" என்று பதறினாள்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவளை உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்: "வேலைய ஏத்தத்தான் தெரியுமா, எறக்கவும் தெரியுமா?"

"தெரியும். கம்பிய மாத்திக் குடுத்தா வந்துரும். ஆனா எடுத்தா எடுத்ததுதான் காக்கா. தகடு எல்லாம் அரிச்சுப் போச்சு. உங்க தலையில உள்ளதுதான் மிச்சம். அதையும் அழிச்சிட்டு, அந்த வேலைக்காரருக்கு என்னமும் ஆயிட்டுன்னா, ஊருக்கு அந்த வேலையே கெடையாது."

"காஜா எடுக்கிறது போனா ஊர் முங்கிருமா?"

சுலைகா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். முங்காது என்றாள்.

"அப்ப அத எடு."

"இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. தலைக்குள்ள ஒவ்வொரு வேலையும் தனித்தனி டப்பாவுல இல்ல. வேரு மாதிரி பின்னிக் கெடக்கு. ஒண்ணப் புடுங்கினா பக்கத்துல ஒட்டுனதும் கொஞ்சம் கூட வரும். எது வரும்னு எனக்குத் தெரியாது."

"வரட்டும். உள்ள எடம் நெருக்கடியாத்தான் கெடக்கு."

சட்டப்படி இது எவ்வளவு பெரிய குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். சுலைகா தொப்பியை எடுத்துத் தூசி தட்டினாள். நிறையத் தூசி இருந்தது.

"எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவ போட்டுக்கிட்டுப் போனவங்கதான்," என்றாள். "அதுக்கப்பறம் இந்தப் படியேறி யாரும் வரல. உக்காருங்க காக்கா."

மூன்று மதியம் கழித்து காஜா போயிற்று. கூடவே, சட்டைக்குப் பித்தான் போடுகிற பழக்கமும் போய்விட்டது. வட்டமாக ஒன்று, கீறலாக ஒன்று. இரண்டுக்கும் என்ன உறவென்று எவ்வளவு பார்த்தும் விளங்கவில்லை. திறந்த சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காஜா சிவனணைந்தான் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். கண் கொஞ்சம் மங்கல், ஒரு காஜா பிரிந்துவிட்டது, பார்த்துத் தர முடியுமா என்று பொய் சொன்னார். சிவனணைந்தானுக்கு முதலில் பயம், பிறகு சந்தேகம், அதன் பிறகு பெருமை. ஊருக்கே தெரிந்தவர் தன்னிடம் வந்திருக்கிறார். காஜாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, இவர் பித்தானை வைத்துக்கொண்டு திகைப்பதைப் பார்த்து, சின்னப்பிள்ளைக்குப் போடுவதுபோல மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அவருடைய விரல் திருவாழியின் நெஞ்சில் ஐந்து இடத்தில் பட்டது.

வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் திருவாழி அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. எப்படியும் கழற்றத் தெரியாது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முடி வெட்டுவது போயிற்று. மாவாட்டுவது, மிதியடிக்கு வார் மாற்றுவது, மீன் கழுவுவது, குடை பழுது பார்ப்பது, கட்டில் பின்னுவது என்று எட்டு மாதத்தில் முப்பத்தோரு வேலைகளை அழித்தார். போனாலும் ஊர் மூழ்காத வேலைகள் மட்டும் என்று தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய், ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வாசல். முழுத்தலை அண்ணாச்சிக்கு வயசாகிறது, கை ஒத்துழைக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது, பரிதாபப்பட்டது, உட்காரச் சொல்லி வடை கொடுத்தது. அவருக்கு அந்தப் பரிதாபம் வடையைவிட ருசியாக இருந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் அவர்தான் போய்த் தட்டினார். அவர் கதவை யாரும் வந்து தட்டவில்லை. கூப்பிடாமலே வீடு தேடி வருகிற வேலை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சுலைகா இதற்கு ஒப்பவே இல்லை. "இது காஜா இல்ல காக்கா. சங்கிலி," என்றாள். மச்சாது வைரம் பாய்ந்த கட்டை, நம் எல்லோரையும் அடக்கம் செய்துவிட்டுத்தான் போவார் என்றார் திருவாழி. அப்படிப் பேசக் கூடாது என்றாள். அவர் நான்கு நாள் தொடர்ந்து படியேறினார். நான்காம் நாள் அவள் தொப்பியை எடுத்தபோது, அவருக்காக எடுத்தாளா, ஐந்தாம் நாள் அவர் வராமல் போய்விடுவாரோ என்று எடுத்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

சங்கிலியோடு சேர்ந்து வேட்டி முடிச்சும் போயிற்று. பெல்ட் கட்டிக்கொண்டார்.

அடுத்த அமாவாசையில் திருவாழியின் வீடு தொளதொளவென்று ஆடி அடுத்த வீட்டில் போய் இடித்தது. மச்சாதின் படகு முதன்முறையாக அவர் மேடையில் வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. திறப்பதற்கு முன்னால் திருவாழி இன்னொரு தட்டலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்.

"என்ன வே, சங்கிலி இப்பிடிக் கெடக்கு? உமக்குத் தெரியாததா?"

"கை வலி அண்ணாச்சி."

மச்சாது அவருடைய கையைப் பார்த்தார். வேட்டியின் மேல் இருந்த பெல்ட்டைப் பார்த்தார். தங்கப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப நானே வந்து பாத்துக்கிடுதேன். தேத்தண்ணி உண்டுமா?"

உண்டு. அதை அவர் அழிக்கவில்லை.

நான்கு முறை மச்சாது வந்தார். தங்கக்கண் தலைமை தாங்கிய கூட்டத்தில் தங்கக்கண்ணே தூங்கிப்போன சங்கதி, ஆவுடை வீட்டுப் பூனை கருவாட்டைத் தின்றுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் ஒளிந்துகொண்ட சங்கதி எல்லாம் வந்தன. திருவாழி எதிரே உட்கார்ந்து, வழக்கப்படி, மச்சாதின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பார்க்கவே இல்லை. முகம் கிடைத்திருக்கும்போது யாராவது கையைப் பார்ப்பார்களா?

ஐந்தாவது, ஐப்பசி அமாவாசை. காலையிலேயே வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது. தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது வெளியே படகு வந்து மேடையில் இடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இடித்தது. மறுபடியும். கதவைத் தட்டாமல் என்ன விளையாட்டு என்று திருவாழி வெளியே வந்தார். மச்சாது படகுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துடுப்பு கையில் இல்லை. நீரோட்டம் படகைத் தானாகவே அந்த மேடைக்குக் கொண்டுவந்து இடித்துக்கொண்டிருந்தது.

திருவாழி படகில் இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆட்கள் வரும்வரை அப்படியே இருந்தார்.

ஊரின் முதல் சாவு. அழுவதற்கென்று ஒருத்தி இருந்தாள்; அன்றைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. மச்சாதைக் கோவில் மண்டபத்தில் கிடத்தி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வானொலியில் கரை கூப்பிட்டது. வடக்கே திரும்பும் என்று சொல்லியிருந்த புயல் திரும்பவில்லை. மூன்று மணி நேரத்தில் உங்களுக்கு நேர் மேலே வந்துவிடும் என்றார்கள். காற்று வருகிற பக்கத்து நங்கூரச் சங்கிலிகளை விட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தை இழுத்து, அதையும் சரியான வரிசையில் செய்தால் ஊர் அலையோடு ஏறி இறங்கும். வரிசை தப்பினால் பழைய துணி மாதிரி நடுவில் கிழியும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு திருவாழியின் கதவு தட்டப்பட்டது.

ஒரு கை இல்லை, பல கைகள். வாசல் கொள்ளாமல், மேடை கொள்ளாமல், அடுத்த வீட்டு மேடைவரைக்கும் ஊர் நின்றது. ஒன்பது வருடம் அவர் கேட்க ஏங்கிய சத்தம் இதுதான். திருவாழி திறந்து, தலைகுனிந்து நின்றார்.

தங்கக்கண் முன்னால் வந்தார். கூட்டங்களுக்குத் தலைமை தாங்கத் தெரிந்தவர் அவர். ஊர் சார்பாக முழுத்தலை அண்ணாச்சியை வரவேற்பதாகவும், சங்கிலிப் பொறுப்பை உடனே ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வதாகவும் பேசி முடிக்கும்வரை திருவாழி காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

"தன்னடக்கத்துக்கு இது நேரமில்ல அண்ணாச்சி."

"தன்னடக்கம் இல்ல. அழிச்சிட்டேன்."

பின்னாலிருந்து சுலைகா, தொப்பி வைத்தது தான்தான் என்று சொன்னாள். அவள் குரல் யாருக்கும் பழக்கமில்லாததால் யார் பேசுவது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்கு அழிச்சிய?" என்று ஆவுடை கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

திருவாழி எவ்வளவோ காரணம் சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வாசலில் பொய் சொன்ன வாய் அது. அப்போது பொய் வரவில்லை.

"அவரு எங்க வீட்டுக்கு மட்டும் வாரதில்ல," என்றார். "அதான்."

காற்று ஒருமுறை ஊரைத் தூக்கி வைத்தது. சங்கிலிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டன. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கென்று ஊரில் இருந்தவர்கூட வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

அப்போது ஆவுடை தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குக் கொஞ்சம் தெரியும்."

"என்னது?"

"சங்கிலி. எங்க வீட்டு வாசல்லதான வடகெழக்கு நங்கூரம் கெடக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வந்து உக்காந்து செஞ்சவரு. ஒன்பது வருஷம். மூஞ்சியத்தான் பாத்தேன். கண்ணு கொஞ்சம் கீழ போவாமலா இருக்கும்?"

குற்றத்தை ஒப்புக்கொண்டவளைத் தண்டிக்க வேண்டியது தங்கக்கண்ணின் கடமை. அவர் தொண்டையைச் செருமினார். "தெக்கு நங்கூரம் எங்க வீட்டுப் பக்கம்," என்றார். "உருளையில மூணு பல்லு விட்டுட்டு, நாலாவதுல கட்டை குடுக்கணும்."

"மூணு இல்ல, ரெண்டு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "காத்து கெழக்குன்னா ரெண்டு." மேற்கு நங்கூரத்தைப் பற்றி வெல்லப்பாகுப் பெரியவர் சொன்னார். வீட்டுச் சங்கிலிக்கும் நங்கூரச் சங்கிலிக்கும் வித்தை ஒன்றுதான், கனம்தான் வேறு என்று சிவனணைந்தானின் மனைவி சொன்னாள். ஐந்து நிமிடத்தில் வாக்குவாதம் முற்றி, பத்தாவது நிமிடத்தில் வரிசை தெளிந்து, எல்லோரும் எட்டுத் திசைக்கும் ஓடினார்கள். அந்த ஊரில் மச்சாதின் வேலை தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. திருவாழியைத் தவிர.

அவரை ஆவுடை வடகிழக்கு உருளைக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு கம்பியைக் கையில் கொடுத்து, நான் சொல்கிறவரைக்கும் இதை விடாதீர்கள் என்றாள். என்ன ஏதென்று புரியாமல் திருவாழி அந்தக் கம்பியை ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். புயல் ஊரைத் தூக்கியது, இறக்கியது, ஒரு மிதவையை மட்டும் பிய்த்துக்கொண்டு மேற்கே போயிற்று. அது கோழிக்கூண்டு. கோழிகளும் மறுநாள் தாமாகவே நீந்தி வந்துவிட்டன என்று சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம்.

மச்சாதைக் கடலில் சேர்த்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் ஊருக்கு அந்த இன்னொரு விஷயம் உறைத்தது.

சங்கிலி மட்டுமா? பித்தான் தைப்பவளுக்குக் காஜா தெரிந்திருந்தது. காஜாக்காரருக்கு முடி வெட்டத் தெரிந்திருந்தது. ஒன்பது வருடமாக எல்லோரும் எல்லோர் கையையும் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே, தெரியாத மாதிரி, ஒவ்வொரு காலையும் நாலு கதவைத் தட்டியிருக்கிறார்கள். நேற்று வரைக்கும் அது வெளியே தெரியாது, அதனால் தட்டலாம். இன்றைக்கு எந்த முகத்தோடு போய், என் தோசைக்கல்லைப் பார்த்துத் தாருங்கள் என்று கேட்பது? உனக்குத்தான் தெரியுமே என்று அவர்கள் சொல்லாவிட்டாலும், முகம் சொல்லிவிடுமே.

யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அவரவர் தோசைக்கல்லை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். திருவாழிக்கு என்ன தண்டனை என்று தீர்மானிக்கத் தங்கக்கண் ஒரு கூட்டம் போட்டார். தலைமை தாங்க எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் வரவில்லை. மேடைகளில் சிரிப்புச் சத்தம் நின்றது. ஊரில் இருநூற்றுப் பத்து முழுத்தலைகள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

இருநூற்றுப் பதினோராவது ஆளாகத் திருவாழி தன் வீட்டுக்குள் இருந்தார். அவருக்குத்தான் உண்மையிலேயே ஒன்றும் ஓடவில்லை. மாவு இல்லை. முடி காதில் விழுந்தது. வாசல் சங்கிலி தொளதொளத்தது. ஆனால் ஒரு ஊரையே மூழ்கடிக்கப் பார்த்தவன் எந்தக் கதவைப் போய்த் தட்டுவான்? கையில் இருந்த அரிசியைக் கஞ்சியாக வைத்து, இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, எட்டு நாள் ஓட்டினார். மத்தியானங்களில் வெளியே காது கொடுத்துப் பார்ப்பார். இத்தனை பெரிய ஊர் இத்தனை அமைதியாக இருக்க முடியும் என்பது அவருக்கே புதிது.

ஒன்பதாம் நாள் முற்பகல், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது, கதவு தட்டப்பட்டது.

தண்டனை சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு திறந்தார். ஆவுடை நின்றாள். தலைக்கு மேல் ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்திருந்தது.

"இந்தக் கொடை மடங்க மாட்டேங்கு அண்ணாச்சி," என்றாள். "கொஞ்சம் பாத்துத் தாரியளா?"

திருவாழி குடையைப் பார்த்தார். கம்பி, துணி, காம்பு. மேலும் கீழும் பார்த்தார். குடை வேலையை அழித்தபோது மடக்குவதும் அதோடு போயிருந்தது.

"எனக்குக் கொடை வேல தெரியாதே ஆவுடை."

"அது எனக்குத் தெரியும்," என்றாள். "அதான் உங்ககிட்ட வந்தேன்."

குடைக் காம்பில் இருந்த சின்ன விசையின் மேல் அவளுடைய கட்டைவிரல் இருந்தது. அழுத்தாமல், சும்மா. அதை அழுத்தினால் குடை மடங்கிவிடும் என்று ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். திருவாழி அவளுடைய கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வா என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை யாரும் அழிக்கவில்லை; சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அவள் வந்தாள். குடை வாசலில் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள், இடித்தது. திருவாழி உள்ளே நின்று இழுத்துப் பார்த்தார். அகலம் ஒரு முழம் அதிகம்.

வேறு வழியில்லை என்று ஆனதும் இருவரும் வெளி மேடையில், குடைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பார்ப்பதற்கு அது சிக்கலான வேலை மாதிரித்தான் இருந்தது. சற்று நேரத்தில் எதிர் வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.